பூவாத்தாள் பல்லுக்குப் பேரம்

— நாலே நாலு, டாக்டருங்க. முன்னாடி நாலு. மிச்சத்தப் புடுங்கிக்குங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.

— அய்யா, இது சந்தை இல்லைங்க.

— சந்தையா இருந்தா இத்தன நேரம் முடிஞ்சிருக்கும்.

— அதாவது, மெட்ராஸ் ஆஸ்பத்திரி கடுதாசியை உங்களுக்கு மூணாவது தடவையாப் படிக்கிறேன். கேளுங்க. கைலாசம் மனைவி பூவாத்தாள், வயது நாற்பத்தாறு, தொண்டையில் புற்று. ரேடியம் வைப்பதற்கு முன் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடவும். ஈறு ஆறிய பிறகு அனுப்பவும். எல்லாவற்றையும்னு போட்டிருக்குது. நாலு நீங்கலான்னு போடலை.

— அது இங்கிலீசுல எழுதியிருக்குது. நீங்க தமிழ்ல சொல்றீங்க. நடுவுல ஒரு நாலு உழுந்திருக்கும்.

— ஏனுங்க, டாக்டரு என்ன பண்ணுவாரு? உடுங்க.

— நீ பேசாத, அம்மணி. கொரலுக்கு ஓய்வு குடுக்கோணும்னு எழுதியிருக்குதல்ல.

— அது மட்டும் நடுவுல உழுகாம வந்து சேந்துருச்சாக்கும்.

— பாருங்க டாக்டருங்க. கொரலு பாதி போயாச்சு. வாயி கொறையல.

— அம்மா பேசட்டும், மெதுவாப் பேசினா பரவாயில்லை. அய்யா, நீங்க என்னைப் பாருங்க. ரேடியம் புற்றைக் கருக்கும். அதோட சுத்தியிருக்கற தாடை எலும்பும் சத்து போயிடும். அதுக்கப்புறம் ஒரு பல்லு சொத்தையாகி, அதைப் பிடுங்க வேண்டி வந்தா, அந்தக் குழி ஆறவே ஆறாது. எலும்பு அழுகும். அதனாலதான் முன்னாடியே எடுத்திடறது.

— கெட்டாத்தானுங்க புடுங்கோணும்? இவ பல்லு கெடாது. முப்பது வருசமா மாட்டுத் தரகு பண்றவன் சொல்றேன். சந்தை நாள்ல அம்பது வாயி தொறந்து பாக்கறவன். இப்படி ஒரு வரிசை நான் பாத்ததில்ல.

— என்ற வாயக் கொண்டுபோயி அந்த அம்பதோட சேத்துட்டாரு, பாத்துக்குங்க.

— பெருமையாச் சொல்றேன், அம்மணி.

— மாட்டுக்குக் கீழ் வரிசை முன்பல்லு எட்டுத்தானுங்களே? எனக்கு இருபத்தாறு இருக்குது. மாட்ட விட நான் நொம்ப ஒசத்தி. அதச் சொல்லுங்க.

— அம்மா, சிரிக்க வெக்காதீங்க. கையில கிண்ணம் இருக்குது. அய்யா, நாளைச் சொல்றேன். இன்னைக்கு ஆடி இருபது. மெட்ராஸ்ல அம்மாவுக்கு முறை வர்றது ஆவணி பதினஞ்சு. இன்னைக்குக் கீழ் வரிசை எடுத்து, நாலு நாள் கழிச்சு மேல் வரிசை எடுத்தா, ஈறு ஆற மூணு வாரம் கிடைக்குது. சரியா இருக்கும். இதுக்கு மேல ஒரு நாள் தள்ள முடியாது.

— தள்ளுனா?

— அங்க இருக்கற ரேடியமே கொஞ்சூண்டு. ஒருத்தர் கழுத்துல இருந்து எடுத்து அடுத்தவர் கழுத்துக்கு வெக்கிறாங்க. முறை தப்பினா அப்புறம் கார்த்திகை. கார்த்திகை வரைக்கும் அந்தக் கட்டி சும்மா இருக்காது.

— ம்.

— அதாவது, மொதல் தடவை வந்தீங்க. செவ்வாக்கிழமை, வடக்கே சூலம்னு சொல்லி, வந்து சேந்தப்புறம் திரும்பிக் கூட்டிட்டுப் போனீங்க. ரெண்டாவது தடவை, சந்தைக்கு நேரமாச்சுன்னு எழுந்தீங்க.

— அன்னைக்குச் சந்தையே இல்லீங்க டாக்டருங்க. ஊட்டுக்குப் போயி மாட்டக் கழுவுனாங்க. கழுவுன மாட்டையே மறுக்காவும் கழுவுனாங்க.

— அழுக்கு இருந்துச்சு.

— மாட்டுக்கே அலுத்துப்போயி என்னையத் திரும்பிப் பாத்துச்சு.

— அய்யா, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க கையெழுத்து இல்லாம நான் பொம்பளைங்க வாயில கொறடு வெக்க மாட்டேன். போன வருஷம் ஒருத்தர் அருவாளோட வந்து நின்னாரு, தன் சம்சாரத்துக்கு எந்தக் கையால பல்லைப் பிடுங்கினீங்கன்னு. அதனால நீங்க சரின்னு சொல்லணும். எதுக்கு அந்த நாலு?

— வெளிய சொன்னாச் சிரிப்பீங்க.

— சிரிக்கலை.

— பத்துப் பேருக்கு நடுவுல இவ சிரிச்சா, நான் கண்ண மூடிக்கிட்டே கண்டுபுடிச்சுருவேன். அது சத்தம். அது போச்சு. போன மாசிலயே போச்சு. இனி கண்ணத் தொறந்து பாத்தாவது கண்டுபுடிக்கோணுமல்ல? அதுக்கு நாலு.

— ஏனுங்க, ஒரு மாசமாக் கரைச்ச கூழுதான் குடிக்கறேன். கூழுக்கு எதுக்குங்க பல்லு?

— கூழுக்குக் கேக்கல, அம்மணி.

— தெரியுது. டாக்டருங்க, இவங்க என்னையப் பொண்ணு பாக்க வந்த கதை தெரியுமாங்க? எல்லாரும் மொகத்தப் பாத்தாங்க. இவங்க அப்ப புதுசாத் தரகுக்குப் போயிட்டு இருந்த காலம். முறுக்குத் தட்டக் கொண்டுபோயி வெச்சேன். பொண்ணு ஒண்ணு கடிச்சுக் காட்டட்டும்னு சொல்லிட்டாங்க.

— நான் அப்படிச் சொல்லல. நல்லா வெந்திருக்குதான்னு கேட்டேன்.

— கடிச்சுக் காட்டுன்னீங்க. சபையில எங்கண்ணன் கைய முறுக்கறாரு. நான் ஒரு முறுக்க எடுத்தேன், டாக்டருங்க. ஒரே கடி. அந்தச் சத்தத்துல இவங்கப்பன் தண்ணிச் சொம்பத் தவற விட்டுட்டாரு.

— அப்பவே தட்ட மாத்திக்கலாமுன்னு எங்கப்பன் சொல்லிட்டாரு. அதச் சொல்ல மாட்டேங்கறயே.

— அய்யா, கொஞ்சம் இருங்க. என் பல்லைப் பாருங்க. நல்லாப் பாருங்க. தொழில் முறையிலேயே பாருங்க. எனக்கு என்ன வயசு இருக்கும்?

— உங்களுக்கா? சித்த வெளிச்சத்துக்குத் திரும்புங்க. ம். தேய்மானமே இல்ல. ஒரு வெடிப்பு இல்ல. முப்பது. மிஞ்சுனா முப்பத்தொண்ணு.

— தலை நரைச்சிருக்குதே?

— மசுரு பொய் சொல்லும். பல்லு சொல்லாது.

— அம்மா, உங்க வீட்டுக்காரர் வயசு சொல்லித் தப்பினது உண்டா?

— எங்கிட்ட ஒத்துக்கிட்டதில்லீங்க.

— அய்யா, கையை நீட்டுங்க.

— எதுக்... அட கெரகமே! டாக்டருங்க! என்னங்க இது?

— அய்யோ சாமி, கீழ போட்டுறாதீங்க! டாக்டருக்கு மொகமே காணாமப் போச்சு!

— குடுங்க, அய்யா. அது இல்லாம பேச்சு சரியா வராது. ஆ, இப்ப சரி. நாப்பத்தொம்பது வயசு எனக்கு. இருபதுலயே ஈறு கெட்டு அத்தனையும் போச்சு. அந்த ஆத்திரத்துலதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஊர்ல உள்ளவங்க பல்லை நான் எடுக்கலாம்னு.

— கட்டுப்பல்லா? மேல, கீழ, எல்லாமா?

— எல்லாம். நானே கட்டினது.

— முப்பது வருசத் தரகு, டாக்டருங்க. முப்பது வருசம். இது மட்டும் சந்தைக்குத் தெரிஞ்சா எனக்கு ஒருத்தன் மாட்டக் காட்ட மாட்டான்.

— நான் சொல்ல மாட்டனுங்க. எனக்குக் கொரலு இல்லியே.

— சிரிக்காத, அம்மணி. இருமல் வந்துரும்.

— வரட்டும். டாக்டருங்க, எனக்கும் இதாட்டமே கட்டலாமா?

— உடனே முடியாதும்மா. ரேடியம் வெச்ச வாய். ஒரு வருஷம் போகணும். அதுக்கப்புறம் நானே கட்டித் தர்றேன்.

— ஒரு வருசங்கழிச்சா? நீங்க வாக்குக் குடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன். ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டுறலாமுங்களா?

— போடலாம்.

— ஏனுங்க, கேட்டுக்குங்க. நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறப்ப அத டம்ளர்லயே வெச்சுட்டுப் போறேன். உங்களோட சண்ட போட்டுட்டு இருக்கட்டும்.

— அதுக்குத்தான் நாலு பல்லு சொந்தமா இருக்கட்டும்னு சொல்றேன்.

— பாத்தீங்களா டாக்டருங்க? எந்த வழியில போனாலும் நாலுக்கே வந்து நிக்கறாங்க. செக்குல கட்டுன மாதிரி.

— அம்மா, உங்களுக்கு அந்த வைத்தியத்தைச் சொல்லியாச்சா, அங்க என்ன செய்வாங்கன்னு?

— கழுத்துல ஊசி குத்துவாங்கன்னு இவங்க சொன்னாங்க.

— குத்த மாட்டாங்க. மெழுகுல கழுத்து அளவுக்கு ஒரு பட்டை செய்வாங்க. அதுக்கு வெளிப்பக்கம் ரேடியம் ஊசிங்களைப் பதிச்சு, கழுத்தைச் சுத்திக் கட்டுவாங்க. தினமும் கொஞ்ச நேரம், ரெண்டு மூணு வாரம். கட்டும்போது வலி இருக்காது.

— எங்க காளைக்குக் கட்டற கழுத்துப் பட்டையாட்டவா?

— கிட்டத்தட்ட.

— மணி மட்டும் இருக்காது. பரவால்ல.

— அந்த ஊசி ஒண்ணு காணாமப் போனா ஆஸ்பத்திரியையே பூட்டிடுவாங்க. சாக்கடை முதற்கொண்டு தேடுவாங்க. அவ்வளவு விலை.

— ஏனுங்க! இருபத்தொம்பது வருசமா ஒரு சங்கிலி கேட்டனுங்களே. கவர்மெண்டு போடுதாம் பாருங்க.

— போட்டுட்டுத் திருப்பி வாங்கிக்குவாங்க, அம்மணி.

— எங்கம்மா போட்டத உங்க தங்கச்சி கல்யாணத்துக்குக் கழட்டி வாங்குனீங்களே, அந்த மாதிரிதான. எனக்குப் பழக்கம்.

— அதாவது, மிச்சத்தையும் மறைக்காமச் சொல்லிடறேன். ரெண்டாவது வாரத்துல இருந்து தொண்டை புண்ணாகும். தண்ணிகூட முள்ளு மாதிரி இறங்கும். வாய் காஞ்சு போகும், எச்சில் ஊறாது. அது நாள்பட்டும் இருக்கும். எந்நேரமும் ஒரு சொம்பு தண்ணி பக்கத்துல இருக்கணும். மோர், கஞ்சி, அரைவேக்காட்டு முட்டை. காரம் கூடாது. புகையிலையை இன்னையோட மறந்துடணும்.

— மாசியிலயே உட்டுட்டனுங்க. கனவுல மட்டும் போடறேன்.

— கழுத்துத் தோலு வெயில்ல வெந்த மாதிரி கருகும். எண்ணெய், மஞ்சள், ஒண்ணும் தடவக் கூடாது.

— வேப்பெண்ணெயும் மஞ்சளும் கொழச்சுப் போட்டா ரெண்டே நாளுதானுங்க. நான் நுகத்தடிப் புண்ணு எத்தனையோ...

— அய்யா, நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது.

— பாருங்க, கழுத்துன்ன ஒடனே நுகத்தடிக்குப் போயாச்சு. நெசமாலுமே இவங்க கண்ணுக்கு நான் மாடுதானுங்களாட்ட இருக்குது.

— அம்மணி, போதும். நொம்பப் பேசிட்ட. கொரலு தேஞ்சு போச்சு. இனி ஒரு சொல்லு பேசக் கூடாது.

— பேசக் கூடாது, அவ்வளவுதானுங்களே? சரி. தோள்ல கெடக்கற துண்ட எடுங்க.

— எதுக்கு?

— நாலு வேணும், நாலு வேணும்னு பட்டப்பகல்ல வாயில கேக்கறவரு ஒரு தரகரா? துண்டுக்குள்ள கையக் குடுத்துக் கேளுங்க.

— பொம்பளைங்க துண்டுக்குள்ள கை வெக்கறதில்ல.

— பொம்பளைங்க பல்லத்தானுங்களே பேரம் பேசறீங்க?

— எனக்குப் புரியலை. அது என்ன துண்டு?

— சந்தையில வெலைய வாயில சொல்ல மாட்டமுங்க, டாக்டருங்க. பக்கத்துல நிக்கறவன் காதுல உழுந்துரும். துண்டப் போத்தி, உள்ள ரெண்டு பேரு கையும் போகும். எத்தன வெரலு புடிக்கறமோ அதான் தொகை. மத்ததுக்கெல்லாம் ஒவ்வொரு புடி இருக்குது. தரகன் தான் பெத்த பையனுக்கு மட்டுந்தான் கத்துக் குடுப்பான். எங்களுக்குப் பையன் இல்ல. என்னோட முடிஞ்சுது.

— அப்ப அம்மாவுக்கு எப்படிப் புரியும்?

— புரியாதுங்க. வெளையாட்டுக்குக் கேக்கறா. சரி, குடு கைய. சந்தைப் பக்கம் மூச்சு உடக் கூடாது. இந்தா, கேட்டாச்சு.

— என்ன கேட்டீங்க?

— நாலு வெரலப் புடிச்சேன். அவளுக்கு எங்க... அம்மணி, கைய எதுக்கு மூடற?

— மூடினா என்ன அர்த்தம்?

— ஒண்ணுங் கெடையாதுன்னு அர்த்தமுங்க. இவ சும்மா மூடியிருப்பா. மூணு கேக்கறேன். மறுக்காவும் மூடறா. ரெண்டு. அட!

— ரெண்டுக்கும் மூடிட்டாங்களா, அய்யா?

— ஒண்ணு. ஒரே ஒண்ணு, அம்மணி. கொள்ளைக்காரன்கூட ஒண்ணு உட்டுட்டுப் போவான். டாக்டருங்க, உள்ளங்கையில கீறறா!

— வலிக்குதா?

— வலிக்கலீங்க! பேச்சு முடிஞ்சுது, வேற மாட்டப் பாருன்னு அர்த்தமுங்க அது! அம்மணி, இத உனக்கு எவஞ் சொன்னான்?

— நீங்கதான்.

— நானா? எப்ப?

— தூங்கறப்ப. இருபத்தொம்பது வருசமா. சந்தைக்கு மொத நாளு ராத்திரி என்ற கையப் புடிச்சு வெல பேசுவீங்க. மொத வருசம் எனக்கு ஒண்ணும் புரியல. ஆசையாப் புடிக்கறீங்கன்னு நெனச்சுட்டேன்.

— அட கடவுளே.

— நாலாம் வருசம் முழுசாப் புரிஞ்சு போச்சு. அந்தச் செவலைக் காளைய வித்துட்டு வந்து எங்கிட்ட ஒரு வெல சொன்னீங்களே, ராத்திரி கை வேற வெல சொல்லுச்சு.

— தெரிஞ்சும் நீ ஒண்ணும் கேக்கலியே?

— மிச்சம் உங்க தங்கச்சி பிரசவத்துக்குப் போச்சுன்னும் தெரியும். அதுக்கு எதுக்குக் கேக்கறது?

— அம்மா, நான் இருபத்தஞ்சு வருஷமா வாய்க்குள்ள பாக்கறேன். இப்படி ஒரு கதை எந்த வாயில இருந்தும் வரலை.

— டாக்டருங்க, நான் தோத்தாச்சு. துண்டுக்குள்ள முடிஞ்ச பேச்ச நாங்க மாத்தறதில்ல. கையெழுத்து எங்க போடோணும்?

— இங்க. தெளிவாப் போடுங்க. கைலாசம்னு முழுசா.

— இருபத்தாறும் எடுத்துக்குங்க. கோணாம எடுங்க.

— மரத்துப் போற மருந்து போட்டுத்தான் எடுப்பேன். இந்த ஊசி இன்னும் அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். அம்மா, நெசமாவே இப்பவும் தூக்கத்துல வெலை பேசறாரா?

— பேசறாங்க. ஆனி மாசம், அந்த மெட்ராசுக் கடுதாசி வந்ததுல இருந்து தெனமும் பேசறாங்க. ஆனா இது மாடில்லீங்க.

— மாடில்லாம வேற என்ன?

— மாட்டுக்குன்னா வெரலு மட்டுந்தான், வாயி அசையாது. இப்ப வாயத் தொறந்து ஒரு பேரு சொல்றாங்க.

— யாரு பேரு, அம்மணி?

— பூவாத்தாள்னு. பகல்ல ஒரு நாளும் அந்தப் பேரச் சொன்னதில்ல நீங்க.

— சொல்லிட்டு?

— இருபது கேக்கறீங்க.

— இருபது என்ன?

— என்ற பேரச் சொல்லிட்டு வேற என்னத்தக் கேப்பீங்க? நான் இருக்கற வருசந்தான். இருபதுல ஆரம்பிக்கறீங்க. அப்பறம் பதினஞ்சு. பத்து. கோழி கூப்படறதுக்குள்ள மூணுக்கு எறங்கி, கைய அமுத்தி முடிச்சுப்புடறீங்க.

— அய்யா, இப்படி உக்காருங்க.

— எனக்கு நெனப்பே இல்லீங்க, டாக்டருங்க. மூணுக்கா? மூணுக்கா முடிக்கறேன்? முப்பது வருசத் தரகு பண்ணி, அவங்கிட்டப் போயி மூணுக்கா?

— அவன்னா யாருங்க, அய்யா?

— எருமையக் கட்டிட்டு எதிர்ல உக்காந்திருக்கறவன்.

— எதிர்ல எவனும் இல்லீங்க. நீங்க ராத்திரி பூராப் புடிச்சுக்கிட்டு இருக்கறது என்ற கைய. இன்னைக்கு இருபதுலயே நில்லுங்க, குடுக்கறேன்.